ஜாக்கி காருக்குள்ள போன கதை

வண்டி பஞ்சர் ஆனா ஜாக்கியைப் போட்டுச் சுத்துவோம், கார் மேல எழும்பும். அப்படித்தான் நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். 2024-ல திருச்செந்தூர் போற வழியில, பழையகாயல் தாண்டி ஒரு பஞ்சர். கார் ஒரு நாலு விரக்கடை எழும்புச்சு. அப்புறம் 'கறக்'குன்னு ஒரு சத்தம். கார் அப்படியே கீழ உக்காந்துடுச்சு. ஜாக்கி மட்டும் கதவுக்குக் கீழ இருக்குற பட்டையைப் பொத்துக்கிட்டு காருக்குள்ள போயிடுச்சு! மச்சான் அப்பத்தான் வீல் நட்டைக் கழட்ட குத்தவச்சு உக்காந்தார். வீலைக் கழட்டுன பிறகு இது நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சுது. தூக்கமே வரலை.

இத்தனைக்கும் அந்தக் காருக்கு 2020-ல அடியில கறுப்பு கோட்டிங் அடிச்சு வச்சிருந்தேன். நாலாயிரத்துச் சொச்சம் ரூபா. "இனி துருங்கிற பேச்சே கிடையாது சார்"னு சொல்லித்தான் அடிச்சாங்க. நானும் பாக்குறவங்ககிட்ட எல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

டிங்கரிங் பட்டறையில வண்டியைத் தூக்கி நிறுத்துனாங்க. அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவரால லேசா நெம்புனார். கறுப்பு கோட்டிங் தோசை மாதிரி உரிஞ்சு வந்துச்சு. அதுக்குப் பின்னால தகரம் இருந்த இடத்துல செக்கச்செவேல்னு ஈரமா ஒரு பொடி.

"தம்பி, வண்டியைக் காய வச்சு, துருவைச் சொரண்டிட்டு அடிச்சாங்களா, இல்ல தண்ணியடிச்ச கையோட அடிச்சாங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் முன்னால ஏசி ரூம்ல டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன்.

"அதான் புண்ணுக்கு மேல பிளாஸ்திரி போட்ட மாதிரி ஆயிருக்கு. உள்ள இருந்த ஈரம் வெளிய வர வழியில்லாம, அங்கேயே கெடந்து தின்னுருக்கு."

விசயம் இதுதான் மக்களே. தார் கலந்த அந்தக் கறுப்புப் பூச்சு புதுசுல மெத்துன்னு இருக்கும். வருசம் போகப் போக வெயில்லயும் சைலன்சர் சூட்டுலயும் இறுகி, மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். ஜல்லி தெறிச்சு அங்கங்க பேந்துக்கும். வெடிப்பு வழியா உப்புத் தண்ணி உள்ள போகும், திரும்பி வராது. துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேணும், உப்பிக்கிட்டே வரும். அதனால பூச்சை அதுவே நெம்பித் தள்ளி, இன்னும் கொஞ்சம் தண்ணிக்கு வழி பண்ணிக் கொடுக்கும். வெளிய இருந்து பாத்தா கறுப்பா, அழகா, ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். பூச்சே அடிக்காம இருந்திருந்தா துரு கண்ணுக்காவது தெரிஞ்சிருக்கும்ல? என் கோபமெல்லாம் அதுலதான்.

எங்க ஊரு தூத்துக்குடி. மழை பெய்ய வேண்டாம், சும்மா நிறுத்தி வச்சாலே வண்டி நனையும். விளையாட்டுக்குச் சொல்லலை. காத்துல வந்து படியுற உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே காத்துல இருக்குற தண்ணியை இழுத்துத் தானே கரைஞ்சிடும். கடக்கரை ஊர்ல பாதி ராத்திரிகள் அப்படித்தான். இதுபோக ரோட்டுல உப்பளத்து லாரி சொட்டிக்கிட்டுப் போற தண்ணி வேற. காரைக்குடியில இருக்குற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க துருவைப் பத்தி ஆராய மண்டபத்துல ஒரு மையமே வச்சிருக்காங்க. 2025-ல திறந்த புது பாம்பன் பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி பெயின்ட்டும் போட்டாங்க. பாலத்துக்கு யோசிக்கிறாங்க, காருக்கு யார் யோசிக்கிறா?

அப்புறம் 2023 டிசம்பர். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே, அந்த மழையில எங்க தெருவுல கார் ரெண்டு நாள் தண்ணியில நின்னுச்சு. இஞ்சினைப் பாத்தோம், சீட்டைக் காய வச்சோம், கார்பெட்டை மாத்தினோம். கதவுக்குக் கீழ இருக்குற அந்தப் பட்டைக்குள்ள சேறு நெறஞ்சு கெடந்ததை ஒருத்தரும் பாக்கலை. அந்தப் பட்டை உள்ள வெறும் கூடு. தண்ணி வடியறதுக்குன்னு அடியில சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க. என் கார்ல அதுல பாதி ஓட்டையை கோட்டிங் அடிச்ச புண்ணியவான்களே அடைச்சு வச்சிருந்தாங்க!

இதை எல்லாம் பாத்தபிறகு எனக்குத் தோணுறதைச் சொல்லுதேன். ஷோரூம்ல புது வண்டி எடுக்கும்போது, இன்சூரன்ஸ் பேப்பரோட சேத்து கோட்டிங்குக்கும் ஒரு கையெழுத்து வாங்கிடுறாங்க பாருங்க, அதுக்குக் கேள்வி கேக்காம தலையாட்டாதீங்க. இப்ப வர்ற காரோட பாடியை கம்பெனியிலேயே பெயின்ட் தொட்டியில முக்கி, மின்சாரம் செலுத்தி முதல் பூச்சு ஏத்திடுறாங்க. பல வண்டியில தகரத்துக்கே துத்தநாகப் பூச்சு இருக்கு. தகரத்துல கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதல்ல தான் கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும். "இந்த வண்டியில ஏற்கெனவே என்ன இருக்கு, நீங்க அடிக்கப்போறது அதுக்கு மேல என்ன செய்யும்?"னு கேட்டுப் பாருங்க. பதில் வந்தா அடிங்க. வரலைன்னா பணத்தைப் பையில வைங்க. கோயமுத்தூர்க்காரருக்கும் தூத்துக்குடிக்காரருக்கும் ஒரே பில்லு போடுறது என்ன நியாயம்?

கடக்கரைக்காரங்களுக்கு ஏதோ ஒண்ணு வேணும்தான், இல்லைங்கலை. ஆனா தாரை விட மெழுகு வகைப் பூச்சு மேல். அது இறுகாது, நெளிஞ்சு கொடுக்கும். நீளமான குழாய் வச்சு அந்தக் கூட்டுக்குள்ளயும் பீச்சலாம். துரு பிறக்குறதே பெரும்பாலும் உள்ளதானே. அடிக்கு முன்னால முழுசா காயணும், துருவைச் சொரண்டி ரெட் ஆக்சைடு ஏத்தணும் (உப்பால வந்த துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறோம், என்ன பேரு வச்சாங்களோ). பிரேக்குலயும் சைலன்சர்லயும் படக்கூடாது. பக்கத்துலயே நின்னு பாருங்க, டீயை அப்புறம் குடிச்சுக்கலாம் :-)

லாரிக்காரங்க கழிவு ஆயிலை அடியில பூசுவாங்க. துருவை ஓரளவு தடுக்கும், பொய்யில்லை. ஆனா ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறி உப்பிடும், சொட்டுற ஆயில் மண்ணுக்கும் கேடு. நான் அந்தப் பக்கம் போறதில்லை.

அதைவிடப் பெரிய கூத்து வாட்டர் வாஷ். மாசாமாசம் அடியில தண்ணியடிச்சுக் கழுவுறது நல்ல பழக்கம்தான். எங்க ஊர்ல பாதி இடத்துல அடிக்கிறது போர் தண்ணி. வாயில வச்சுப் பாருங்க, கரிக்கும். உப்பைக் கழுவ உப்புத் தண்ணி, அதுக்கும் காசு! இப்ப நான் கேட்டுட்டுத்தான் வண்டியை உள்ள விடுறேன். நல்ல தண்ணி இல்லைன்னா வீட்டுலயே மழை பெய்யும்போது பிடிச்சு வச்ச தண்ணியில ரெண்டு வாளி.

அண்ணாச்சி புதுத் தகரம் வெட்டி வெல்டு வச்சுக் கொடுத்தார். பதினோராயிரம் ஆச்சு. உள்ள மெழுகு அடிச்சாச்சு, ஓட்டை எல்லாம் தொறந்திருக்கு. மழை நின்ன மறுநாள் காலையில ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக்கிட்டு காருக்கடியில படுத்துடுறேன், பக்கத்து வீட்டு ஆச்சி என்னத்தலே தேடுதேன்னு கேக்காங்க. மச்சான் மட்டும் அந்த வண்டியில ஏறும்போதெல்லாம் முதல்ல டயர்ல காத்து இருக்கான்னு ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் ஏறுறார்.