விட்டுப்போன வாரம்

2022 செப்டம்பரில் அக்கா மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். மாதக் கடைசியில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வருகிறது. அவளுடைய அலுவலக நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து போகிறார்கள்.

“மாமா, அஞ்சு பாகத்தையும் படிச்சிட்டுப் போகணுமா? இல்ல, பாத்துட்டு வந்து படிக்கலாமா?”

“படிச்சிட்டுப் போ” என்றேன். யோசிக்கவே இல்லை. மாமன் என்றால் மொய் வைக்க வேண்டும், நாவல் வாசிக்கிறவன் என்றால் இந்தப் பதிலைச் சொல்ல வேண்டும். இரண்டும் கடமை. படத்தை முதலில் பார்த்தால் நடிகர்களின் முகம் வந்து உட்கார்ந்துவிடும், பிறகு உன் கற்பனைக்கு வேலை இருக்காது என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன்.

அந்தப் பதிலை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணம் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

தொடர்கதை படித்த பழைய வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வாரா வாரம் பத்திரிகையிலிருந்து அந்தக் கதையின் பக்கங்களை மட்டும் பிரித்து எடுத்து வைப்பார்கள். ஒரு பாகம் சேர்ந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து, கெட்டி அட்டை போட்டு வாங்குவார்கள். திருச்சியில் எங்கள் அம்மாச்சி அப்படிச் சேர்த்ததுதான் எங்கள் வீட்டுப் ‘பொன்னியின் செல்வன்’. 1950 அக்டோபரில் ‘கல்கி’யில் தொடங்கி 1954 வரை ஓடிய கதை. அந்த பைண்டு புத்தகத்தில் வந்தியத்தேவனோடு வேறு பலரும் குடியிருந்தார்கள். பக்கத்தைத் திருப்பினால் தலைவலித் தைல விளம்பரம், யாரோ எழுதிய சிறுகதையின் கடைசி நாலு வரி, பாதியில் அறுந்த ஒரு துணுக்கு. அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பது எனக்குத் தனி விளையாட்டு.

இரண்டாம் பாகம் ‘சுழற்காற்று’. அதில் ஒரு வாரம் இல்லை. கடலில் காற்று கிளம்புகிற வாரம் இருக்கிறது. வந்தியத்தேவனும் அருள்மொழிவர்மனும் பூங்குழலியின் படகில் இருக்கிற வாரமும் இருக்கிறது. நடுவில் கடல் என்ன செய்தது, கப்பல் என்ன ஆனது என்று சொல்லும் பக்கங்களைக் காணோம். அம்மாச்சியிடம் கேட்டேன். “அந்த வாரந்தான்டா உங்கம்மா பொறந்தா. ஆசுபத்திரியில கெடந்தேன். புத்தகம் வாங்கிட்டு வர ஆளில்ல” என்றார். என் அம்மா பிறந்ததற்கு இந்த உலகத்தில் ஏற்பட்ட ஒரே நஷ்டம் அதுதான்.

எனக்கு அப்போது பதினோரு வயது. கடலைப் பார்த்ததில்லை. தெரிந்த பெரிய தண்ணீர், ஆடியில் முக்கொம்பில் பார்த்த காவிரி வெள்ளம். எனவே அந்தக் காவிரியையே கொஞ்சம் அகலமாக்கிக் கடல் செய்துகொண்டேன். என் கடல் செந்நிறமாகச் சுழித்தது. அதில் ஆகாயத்தாமரை மிதந்தது. வாழை மரம் ஒன்று வேரோடு வந்தது. வந்தியத்தேவன் அந்த வாழையைப் பிடித்துக்கொண்டுதான் தப்பித்தான். இளவரசரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கல்லூரி நூலகத்தில் விட்டுப்போன அத்தியாயங்களைப் படித்தேன். கல்கியின் புயல் என்னுடையதைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. இடி விழுந்து கப்பல் நடுக்கடலில் பற்றி எரிகிறது. ஆனாலும் இன்றுவரை அந்த இடத்தை நினைத்தால் முதலில் வருவது வாழை மரம்தான். ஐந்து பாகத்திலும் எனக்கே எனக்கு என்று இருக்கும் பக்கங்கள், என்னிடம் இல்லாத அந்தப் பக்கங்கள்தான்.

சினிமா வந்து முகங்களைப் பிடுங்கிக்கொள்கிறது என்பது வாசகர்களின் வழக்கமான புகார். தமிழில் அது எவ்வளவு தூரம் நிற்கும்? நாம் எப்போது வெறும் எழுத்தை மட்டும் படித்தோம்? குந்தவையின் கொண்டையையும் நந்தினியின் புருவத்தையும் மணியம் முதல் சுற்றிலேயே வரைந்து கொடுத்துவிட்டார். அதே கதை ‘கல்கி’யில் மறுபடி மறுபடி தொடராக வந்தபோது வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். எந்தச் சுற்றில் படித்தீர்களோ அந்த வந்தியத்தேவன்தான் உங்களுடையவன். கொத்தமங்கலம் சுப்பு ‘ஆனந்த விகட’னில் எழுதிய மோகனாம்பாளை, படத்தில் பத்மினி ஆடுவதற்குப் பத்து வருஷம் முன்பே கோபுலு ஆட வைத்துவிட்டார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் ஜெயராஜ் போட்ட சட்டையில்தான் நமக்குத் தெரியும்.

அதற்கும் முன்னால் போனால் இன்னும் வேடிக்கை. கல்கியின் ‘தியாகபூமி’ விகடனில் தொடராக வந்தபோது, ஓவியத்துக்குப் பதில் கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த அதே கதையின் சினிமாப் படங்களையே போட்டார்கள். வாசகர் சம்பு சாஸ்திரியைப் படிக்கும்போதே பாபநாசம் சிவனையும், சாவித்திரியைப் படிக்கும்போதே எஸ்.டி. சுப்புலட்சுமியையும் பார்த்துக்கொண்டார். 1939இல் படம் வெளிவந்தது. புத்தகம் முதலா, படம் முதலா என்று அன்றைய வாசகரிடம் கேட்டிருந்தால், இரண்டும் ஒரே தபாலில் வந்ததே என்று சொல்லியிருப்பார்.

ஆக, முகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. யாரோ ஒருவர் வரைந்த முகத்தோடுதான் மூன்று தலைமுறையாகப் படித்திருக்கிறோம். கற்பனை ஒன்றும் செத்துப்போகவில்லை. அது முகத்தில் குடியிருப்பதில்லை, விட்டுப்போன வாரத்தில் குடியிருக்கிறது.

இதை நான் தெரிந்துகொண்டது திரையரங்கில். படம் வருவதற்கு முந்தைய பதினைந்து நாளும் ஐந்து பாகத்தையும் மறுபடி ஒரு முறை ஓட்டிவிட்டுப் போனேன். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படிப்பதுபோல. விளக்கை அணைத்ததும் எனக்குள் ஒரு கணக்குப்பிள்ளை பேரேட்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் ஆரம்பிக்கும். படம் ராஷ்டிரகூடர்களோடு நடக்கும் போரில் ஆரம்பித்தது. “ஏரி எங்கே?” என்றார் கணக்குப்பிள்ளை. கடம்பூர் மாளிகை வந்தது. “மணிமேகலை எங்கே? சம்புவரையர் மகளைக் காணோமே.” பின்வரிசையில் என்னைவிட மோசமான கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார். அவர் தன் பேரனுக்கு ஒவ்வொரு காட்சிக்கும் அரை நிமிஷம் முன்னதாக என்ன வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில் அந்தப் பையன், “தாத்தா, கொஞ்சம் சும்மா இருங்க. நான் பாக்கணும்” என்றான். என் கணக்குப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொன்னான் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குள் பாதிப் படம் போயிருந்தது.

முடிவு தெரிந்துபோவதா குறை? ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர், காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயில் சுவரில் ஆயிரம் வருஷமாகக் கல்லில் வெட்டிக் கிடக்கிறது. அதைத் தெரிந்தவர்களும் நாவலை விடிய விடியப் படித்திருக்கிறார்கள். படம் பார்க்கவென்றே படிக்கும் படிப்பில் வேறொரு கோளாறு இருக்கிறது. அப்படிப் படிக்கிறவர் வரியில் நிற்பதில்லை, சம்பவத்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடுகிறார். பொறுக்கியதையெல்லாம் இடுக்கில்லாமல் அடுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால், இயக்குநர் எதைத்தான் எங்கே வைப்பார்?

இயக்குநர் பக்கத்திலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ கல்கி நாவல் போட்டியில் பரிசு வாங்கிய கதை. 1978இல் அதை வைத்து மகேந்திரன் தன் முதல் படத்தை இயக்கினார். அவர் அந்த நாவலை முழுக்கப் படிக்கவே இல்லை. காளி கை இழக்கிற இடம் வரை படித்துவிட்டு மூடி வைத்துவிட்டார். விஞ்ச் ஓட்டுகிற ஒருவன், அவன் கோபம், அவன் தங்கை, போன கை. இவ்வளவு போதும் என்று மிச்சத்தைத் தானே எழுதிக்கொண்டார். நாவலில் கையைக் கொண்டுபோவது புலி, படத்தில் லாரி. புலியை விட்டதற்கு மகேந்திரனிடம் யாரும் இன்றுவரை கணக்குக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். அந்தப் படத்தின் கடைசியில் ஓடுகிற ஆறு புதுமைப்பித்தன் கதையில் கிடையாது. அது மகேந்திரனின் முக்கொம்பு என்று நினைத்துக்கொள்வேன்.

பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஆளை வெட்டிவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரிகிற நாட்கள்தான் நாவல். வெற்றிமாறன் ‘அசுர’னில் அந்த அப்பாவைப் பிடித்துக்கொண்டார். இந்த மனுஷன் இவ்வளவு பொறுமையாக இருக்கிறானே, இளவயதில் இவனுக்கு என்ன நடந்திருக்கும்? நாவலில் இல்லாத ஒரு முன்கதையைத் தானே கட்டினார். நல்ல வாசகர் எங்கே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பாரோ, அங்கே அவர் அரை மணி நேரச் சினிமா எடுத்தார்.

மாற்றியதெல்லாம் இப்படி அமையும் என்றும் சொல்ல மாட்டேன். சுஜாதா ‘பிரியா’வை லண்டனில் நடத்தினார், படம் சிங்கப்பூருக்குப் போனது. அந்த மாற்றத்தில் வாசகரின் கேள்வி எதுவும் இல்லை, ஊர் சுற்றிப் பார்த்த சந்தோஷம் மட்டும் இருந்தது. கதையில் விட்டுப்போன இடத்தை நிரப்புவது வேறு, இருக்கிற இடத்தில் சுண்ணாம்பு அடிப்பது வேறு.

படத்தை முதலில் பார்த்துவிட்டுப் படித்த அனுபவமும் எனக்கு உண்டு. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தைத் தொலைக்காட்சியில் எத்தனை முறை பார்த்தேனோ கணக்கில்லை. நாவல் பிறகுதான் கைக்கு வந்தது. சிக்கல் சண்முகசுந்தரம் வாயைத் திறந்தால் சிவாஜி குரல்தான் கேட்டது. ஆனால் ஐம்பது பக்கம் போனதும் ஒரு மாதிரி பழகிவிட்டது. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் சத்தமாகப் பேசினால் முதலில் எரிச்சலாக இருக்கும், ரசம் வருவதற்குள் நாமும் அவர் பேச்சில் சேர்ந்துவிடுவோம், அப்படி. ஜில்ஜில் ரமாமணி விஷயத்தில் மனோரமாவுக்கு நன்றியே சொன்னேன். அந்தக் குரல் இல்லாமல் படித்திருந்தால் எனக்குப் பாதிதான் கிடைத்திருக்கும்.

எனவே என் திருத்திய பதில் இது. முன்னால் படிக்கலாம், பின்னால் படிக்கலாம். ஒட்டினாற்போல் படிக்க வேண்டாம். படித்துவிட்டுப் பார்க்கிறவர் பெயர்களும் சண்டைகளும் கொஞ்சம் மறக்கிற வரை ஆறப் போட வேண்டும். பார்த்துவிட்டுப் படிக்கிறவருக்கும் அதேதான். நாலு மாதம் போகட்டும், பாட்டின் சத்தம் அடங்கட்டும். புளிக்காத மாவில் தோசை வார்த்தால் கல்லைக் குறை சொல்லிப் பயனில்லை.

அக்கா மகள் கதைக்கு வருகிறேன். என் பிரசங்கத்தைக் கேட்டு முதல் பாகத்தில் எழுபது பக்கம் படித்தாளாம். பிறகு ஆபீசில் ஏதோ அவசர வேலை, விட்டுவிட்டாள். இரண்டு படங்களையும் பார்த்தாள். பார்த்து முடித்து வெகுநாள் கழித்து, ஒரு பொங்கல் புத்தகக் காட்சியில் மலிவு விலைப் பதிப்பாக ஐந்து பாகத்தையும் வாங்கிப் போய் மெதுவாகப் படித்தாள். போன மாதம் ஊருக்கு வந்தபோதுதான் முடித்திருந்தாள்.

“வந்தியத்தேவனைப் படிக்கும்போது கார்த்தி முகம் தொந்தரவு பண்ணுச்சா?” என்றேன்.

“ரெண்டாம் பாகம் வரைக்கும் கூடவே வந்தார் மாமா. அப்புறம் எங்கேயோ இறங்கிப் போயிட்டார். எங்கன்னு தெரியல” என்றாள். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். “ஆனா மாமா, எனக்கு எல்லாரையும் விட மணிமேகலைதான் புடிச்சிருக்கு. கடைசியில வந்தியத்தேவன் மடியில அவ சாகும்போது அழுதுட்டேன். படத்துல அவ இல்லவே இல்லல்ல?”

இல்லை. திரையரங்கில் என் கணக்குப்பிள்ளை சிவப்பு மையில் சுழித்து வைத்த பெயர் அது. யாரும் நடிக்காததால், அந்தக் கடம்பூர்ப் பெண்ணை முழுக்க இவளேதான் உண்டாக்கியிருக்கிறாள். அம்மாச்சி ஆசுபத்திரியில் கிடந்த வாரம் எனக்குக் கொடுத்ததை, படம் விட்டுவிட்ட பெண் இவளுக்குக் கொடுத்திருக்கிறாள்.

“அவ எப்படி இருப்பா மாமா? பழைய பைண்டு புத்தகத்துல படம் இருக்குமே, பாட்டி சொன்னாங்க.”

பரணிலிருந்து இறக்கினேன். தூசி தட்டினேன். கடம்பூர் வருகிற இடம் எனக்கு மனப்பாடம். அந்தப் பக்கத்தைத் தேடி விரலை வைத்தவன், அப்படியே அட்டையை மூடிவிட்டேன்.

“இந்தப் புத்தகத்துல ஒரு வாரம் விட்டுப்போச்சு” என்றேன். “உங்க பாட்டி பொறந்த வாரம். வா, அந்தக் கதையைச் சொல்றேன்.”