ராட்டாந்தூரிப் பைத்தியம்!

எங்கள் மகளிர் குழுக் கூட்டம் என்றால் வரவு செலவு வாசித்து, தவணைப் பணத்தை எண்ணி வைத்து, ஆளுக்கு ஒரு டம்ளர் காபியோடு முடிந்துவிடும். இந்த மாதம் அப்படி முடியவில்லை. காரணம், நான் வாயைத் திறந்தது!

வருஷா வருஷம் தீபாவளி போனஸ் வந்த கையோடு நாங்கள் பதினாறு பேரும் வேன் வைத்துக்கொண்டு ஒரு நாள் எங்காவது போய் வருவது வழக்கம். எங்காவது என்றால் என்ன, பழனி. பழனி இல்லாவிட்டால் பண்ணாரி. பண்ணாரி இல்லாவிட்டால் மறுபடியும் பழனி. முருகன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் மூலனூர்க்காரிக்குப் பழனி பக்கத்து வீடு மாதிரி, நினைத்தபோது போய்க்கொள்ளலாம். அதனால்தான், "இந்தத் தடவை மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்குப் போலாமுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து பேசினார்கள்.

"ஏனுங்கக்கா, பேரனுக்கு மொட்டை போட்டாச்சு. உங்களுக்கு இன்னும் அந்த ஆசை விடலையா?" இது எதிர்வீட்டுத் தங்கை.

"ஈரத் துணியோட ஆம்பளைங்க முன்னால நிக்கோணுமா? என்ற வீட்டுக்காரர் கொன்னே போடுவார்!" இது வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் பெண்.

"காசையும் குடுத்து வாந்தியும் எடுக்கோணுமா?" இது எங்கள் பொருளாளர் அக்கா. கணக்கு நோட்டைப் பட்டென்று மூடிவிட்டுக் கேட்டார்.

ஒத்துக்கொள்கிறேன் சகோதரிகளே, எனக்கு இது சின்ன வயசிலிருந்தே பிடித்த பைத்தியம். எங்கள் பக்கத்தில் ஊஞ்சலைத் தூரி என்போம். நோம்பிக்கு வரும் சுற்றும் தூரிக்கு ராட்டாந்தூரி என்று பெயர். கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சித்திரைத் தேருக்கு அங்கே பெரிய மாட்டுச் சந்தையும் கூடும். காங்கேயம் மாடுகளுக்குப் பேர் போன சந்தை. அப்பா மாடு பிடிக்கப் போவார். நாங்கள் ராட்டாந்தூரிக்காகப் போவோம். அந்தக் காலத்தில் அதற்கு மோட்டார் ஏது? மரச் சட்டத்தில் நாலு பெட்டி தொங்கும். ஒரு ஆள் சட்டத்தின் மேலேயே ஏறி நின்று, காலால் மிதித்து மிதித்துச் சுற்றுவார். உச்சிக்குப் போனதும் சந்தை முழுக்கத் தெரியும். கொம்பு, கொம்பு, கொம்பு! இறங்கும்போது அடிவயிற்றில் ஒரு கூச்சம் கூசும் பாருங்கள், அதற்காகத்தான் அப்பாவிடம் இன்னொரு பத்துப் பைசா கேட்டு அழுவேன்.

அந்தக் கூச்சம் என்ன என்று பிற்பாடு என் பையன் படித்துச் சொன்னான். நாம் கீழே விழுகிற வேகத்தில் இரைப்பை, குடலெல்லாம் அந்த நொடி எடை இல்லாததுபோல் ஆகிவிடுகின்றனவாம். வழக்கமாக அவை நம்மை அழுத்தும் அழுத்தம் குறைவதைத்தான் நாம் 'வயிறு மேலே வருது' என்கிறோம்.

நம் நாட்டில் பெரிய பெரிய பூங்காக்களாக இவை வந்து ரொம்ப நாள் ஆகிவிடவில்லை. டெல்லியில் 'அப்பு கர்' 1984-இல் திறந்தார்கள். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டி அப்புவின் பெயர்தான் அதற்கு. 2008-இல் மூடியும் விட்டார்கள். சென்னையில் தாம்பரம் பக்கம் 1995-இல் கிஷ்கிந்தா வந்தது. கண்ணாடி போட்டுப் பார்க்கும் முப்பரிமாணப் படத்தை மலையாளத்தில் எடுத்தாரே நவோதயா அப்பச்சன், அவர் கட்டியது. 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட் வந்தது. இன்று அதற்கு வொண்டர்லா என்று பெயர். இதிலெல்லாம் ஏறி இறங்கியாயிற்று நான். ஒரு இடத்தில் 'கொலம்பஸ்' கப்பலில் ஏறிவிட்டு, இறங்கி வந்து ஒரு செம்பருத்திச் செடிக்கு முழுச் சாப்பாடும் போட்டதும் உண்டு. பொருளாளர் அக்கா சொல்வது பொய்யில்லை!

வாந்திக்குக் காரணம் பயம் இல்லை. காதின் உள்ளே நம் நிலை தடுமாறாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அது 'சுற்றுகிறோம்' என்கிறது. கண் வேறு எதையோ சொல்கிறது. இந்தச் சண்டையில் மூளை குழம்பி, வயிற்றின் மேல் பழியைப் போடுகிறது. பேருந்தில் புத்தகம் படித்தால் குமட்டுவதும் இதனால்தான். ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே நாலு இட்டிலியோடு நிறுத்திக்கொண்டு, சுற்றும்போது கண்ணை மூடாமல் தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி குறையும். வெறும் வயிறும் ஆகாது.

தலைகீழாகப் போகும் ரயிலைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் இஞ்சினே கிடையாது என்று சொன்னபோது கூட்டத்தில் ஒருத்தரும் நம்பவில்லை. முதல் மேட்டுக்கு ஒரு சங்கிலி இழுத்துக்கொண்டு போய் விடுகிறது. அப்புறம் எல்லாம் விழுகிற வேகம்தான். அதனால்தான் முதல் மேடே உயரமான மேடு. சக்கரமும் தண்டவாளத்தின் மேலே மட்டும் இல்லை. பக்கவாட்டிலும், அடியிலும் இருந்து கவ்விப் பிடித்திருக்கும். தலைகீழாகப் போகையில் ஏன் விழுவதில்லை என்று கேட்ட தங்கையிடம், "நீ சின்னதில் மோர்த் தூக்குப்போசியை வட்டமாச் சுழட்டினது இல்லையா? சிந்துச்சா?" என்றேன். "சிந்துச்சுங்கக்கா, அம்மாகிட்ட அடியும் வாங்கினேன்" என்றாள். வேகம் போதாமல் சுழற்றியிருப்பாள்!

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2018-இல் ஹரியானாவில் பிஞ்சோரில் ஒரு பூங்காவில் சின்னக் கார் ஓட்டும் விளையாட்டில் ஒரு இளம்பெண்ணின் தலைமுடி சக்கரத்தில் சிக்கி உயிரே போயிற்று. புடவைத் தலைப்பு, துப்பட்டா, தாழம்பூ மாதிரி தொங்கும் பின்னல் எல்லாவற்றையும் முடிந்து உள்ளே செருகாமல் எதிலும் உட்காரக் கூடாது. மடிமேல் விழும் கம்பியை நீங்களே ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் கம்பி சரியாகப் பூட்டாமலே விசையைத் தட்டப் போனான் ஒரு பையன். நான் போட்ட கூச்சலில் நிறுத்தினான். பின்னால் இருந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். முறைக்கட்டும்!

கர்ப்பிணிகள் ஏறக் கூடாது. நாள் தள்ளிப் போயிருந்தாலே, நிச்சயமாகத் தெரியும் வரை ஏறாதீர்கள். இருதய நோய், அடங்காத ரத்தக் கொதிப்பு, வலிப்பு, கழுத்து முதுகுத் தேய்மானம், சமீபத்தில் ஆபரேஷன் இதெல்லாம் உள்ளவர்களும் வேக விளையாட்டுக்களை விட்டுவிட வேண்டும். எனக்கே இரண்டு வருஷமாகக் கழுத்துத் தேய்மானம். தலைகீழ் ரயிலுக்கு டாக்டர் தடை போட்டுவிட்டார். குழந்தைகளுக்கு வாசலில் உயரக் குச்சி வைத்து அளப்பார்கள். ரெண்டு விரல் குறைந்தால், "எட்டி நில்லுடா கண்ணு" என்று குதிகாலைத் தூக்கச் சொல்லும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய உடம்புக்காகச் செய்த கம்பிக்கு அடியில் சின்ன உடம்பு வழுக்கி வந்துவிடும் என்பதற்காகத்தானே அந்த அளவு! தண்ணீர்க் குளத்தில் குழந்தை கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். மூழ்கும் குழந்தை சினிமாவில் போல் கத்துவதில்லை. சத்தமே இல்லாமல் போய்விடும்.

இனி அந்த ஈரத் துணி விஷயம். இது எனக்கும் இருந்த கூச்சம்தான். பருத்தியில் இறங்கினால்தான் உடம்பில் ஒட்டும். அதனாலேயே பெரிய பூங்காக்களில் நைலான், பாலியஸ்டர் நீச்சல் உடைதான் போடச் சொல்கிறார்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும். சறுக்கில் வழுக்காமல் பிடிக்கும். அதன் நூல் பிசிறு போய் வடிகட்டியை அடைக்கும். ஊர் உலகத்துக்கெல்லாம் பருத்தி பனியன் தைத்து அனுப்புகிற சீமையிலிருந்து போய், நைலானுக்கு வாடகை கொடுத்து நிற்கிறோமே என்று எனக்குச் சிரிப்பு வரும். முழுக்கை, முழங்கால் தாண்டிய கால்சட்டை என்று கௌரவமாகவே கிடைக்கிறது. குளத்தில் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துவிடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். வெளியே வந்ததும் மறுபடி நல்ல தண்ணீரில் ஒரு குளியல்.

காசு? ஆமாம், அதிகம்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் போகலாம் என்றேன்.

இப்படி ஒவ்வொன்றாகப் பேசிப் பேசி ஒன்பது கை தூக்க வைத்துவிட்டேன். அப்போதுதான், இத்தனை நேரமும் சுவரில் சாய்ந்து பேசாமல் இருந்த ஒருத்தி, பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்று நின்று கால் வீங்கிப்போய் வருவாள், ரெண்டு சின்னக் குழந்தைகள், மெதுவாகச் சொன்னாள்: "நானும் வர்றனுங்கக்கா. ஆனா ஒண்ணுலயும் ஏற மாட்டேன். உங்க எல்லார்த்து பையி, செருப்பு, நகையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் "அப்படின்னா சரி" என்றார்கள். எனக்குத்தான் சரியென்று வரவில்லை வாய்.

கண்ணபுரத்தில் என் அம்மா அப்படித்தான் நிற்பாள். இடுப்பில் தம்பி. ஒரு கையில் கட்டுச்சோற்றுக் கூடை, இன்னொரு கையில் எங்கள் மூன்று ஜோடிச் செருப்பு. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு தடவை கூட, "நீயும் வா" என்று நான் கூப்பிட்டதில்லை. அம்மா ஏறுவாள் என்று தோன்றினால்தானே கூப்பிடுவதற்கு! அப்பா போய்ப் பல வருஷம் கழித்து, அம்மாவுக்கு அறுபது தாண்டிய பிறகு, அதே சந்தையில், இப்போது மோட்டார் வைத்த இரும்பு ராட்டாந்தூரி, வலுக்கட்டாயமாகக் கையைப் பிடித்து ஏற்றினேன். முதல் சுற்று முழுக்கக் கண்ணைத் திறக்கவில்லை. "மாரியாத்தா, மாரியாத்தா" என்று என் மணிக்கட்டைக் கன்னிப் போகும் அளவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது சுற்றில் கண்ணைத் திறந்தாள். இறங்கியதும் புடவையைச் சரிசெய்துகொண்டு, "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாள் பயந்துட்டு நின்னேன்? இன்னொருக்காச் சுத்தச் சொல்லு" என்றாள். மூன்று முறை ஏறினோம். நாலாவது முறைக்குக் காசு கேட்டதும், ரொம்ப அநியாயம் என்று அந்த ஆளோடு சண்டை போட்டாள். அம்மா போய்ப் பத்து வருஷமாகிறது.

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தன் இரண்டு பெண்களைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்க் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, தான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருப்பாராம். பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-ஆம் தேதி டிஸ்னிலேண்டைத் திறந்தது அதன் பிறகுதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கே அப்படி இருந்தால், செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்தப் பெண்ணிடம் கூட்டத்தில் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. "பை வைக்க அங்கே பூட்டுப் போட்ட லாக்கர் இருக்கு கண்ணு. சாவியைக் கையிலே கட்டிக்கலாம். நகையை வீட்டிலேயே வெச்சுட்டு வாங்க எல்லாரும்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

முந்தாநாள் சாயங்காலம் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். கம்பெனி வேனிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே என் திண்ணைக்கு வந்தாள்.

"அக்கா, அந்த நைலான் உடுப்பு முழுக்கையில கிடைக்குமுங்களா? வாடகைக்கு வேண்டாம், அடுத்தவங்க போட்டது. நானே வாங்கிக்கறேன்."

"எதுக்குக் கண்ணு, நீதான் ஏற மாட்டேன்னியே?"

"அலை வர்ற குளத்துல சும்மா நின்னாப் போதுமுங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் ரெண்டு கொத்துக் கீரையை எடுத்து உருவ ஆரம்பித்தாள்.

வேன் பேசியாயிற்று. தாராபுரம், திருப்பூர், அவிநாசி, அன்னூர் வழி. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புகிறோம். பதினாலு பேர். பொருளாளர் அக்காவும் அவர் தங்கையும் பழனிக்குத்தான் போவார்களாம். ஆனால் லாக்கர் வாடகை குழுச் செலவு என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டது அவர்தான்.