யார் வாயால் சொல்வது?

பாப் மோல்டு என்கிற அமெரிக்க ராக் பாடகரைப் பற்றி எழுதணும்னு எனக்குப் பட்டது. 1979இல் மினசோட்டாவில் 'ஹூஸ்கர் டூ' குழுவைத் தொடங்கிய மூவரில் ஒருவர். கிடாரும் தொண்டையும் கிழியக் கத்திப் பாடியவர், தான் தன்பால் ஈர்ப்பாளர் என்பதை மட்டும் மேடையில் சொல்லலை. கூட இருந்தவர்களுக்குத் தெரியும், வெளியே மௌனம். 1992இல் 'சுகர்' குழுவின் 'காப்பர் ப்ளூ' பெரும் பெயர் தந்தது. 1994இல் 'ஸ்பின்' பத்திரிகை வழியாக விஷயம் வெளியே வந்தது. நேரத்தைக் குறித்தது பத்திரிகை.

இதை விடுதலை என்று கொண்டாட எனக்கு மனசு வரலை. 'சொல்லித்தான் ஆகணும்' என்று அதட்டுவதும் அதிகாரம்தான். அதேசமயம் மௌனத்துக்கும் விலை உண்டு. 80களில் எய்ட்ஸால் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்தபோது ரீகன் அரசு ஆண்டுக்கணக்கில் வாய் திறக்கவில்லை. அப்போது தானும் போதுமான அளவு பேசலை என்று மோல்டு 2020இல் ஒத்துக்கொண்டார். அறுபதை நெருங்கும் வயதில் அந்தக் கோபத்தை 'அமெரிக்கன் க்ரைசிஸ்' பாட்டாக்கினார். இந்த முறை அவரே வாய் திறந்தார்.

ஒருத்தர் வாயைப் பிடுங்குவது சுலபம். அவர் பயமில்லாமல் பேச இடம் உண்டாக்குவதுதான் கஷ்டம். தோழர்களே, நம் கூட்டங்களில் அந்த இடம் இருக்கா?