‘நமஸ்காரம்’ கிறிஸ்தவர்க்கு ஆகுமா?

அடுத்த வீட்டுப் பெரியவரைக் கண்டு “நமஸ்காரம்” என்று கைகூப்பிய பேரனை, “அது நம் வேதத்துக்கு ஆகாது” என்று தாத்தா கண்டித்தாராம். “யார் சொல்வது சரி, சுவாமி?” என்று சிறுவனின் தாய் கேட்டு எழுதியுள்ளார். முதலில் சொல்லைப் பார்ப்போம்.

‘நம்’ என்னும் வடமொழி வேருக்கு வளைதல், குனிதல் என்பதே பொருள். அதிலிருந்து பிறந்தது ‘நமஸ்’. அதனைச் செய்வது நமஸ்காரம். ‘நமஸ்தே’ என்றால் ‘உனக்கு வணக்கம்’. ‘ந மம’, அதாவது ‘எனதன்று’ என்பதே இதன் மூலம் எனச் சிலர் பிரசங்கிப்பதுண்டு. தியானத்துக்கு அழகான கருத்துதான். இலக்கணம் இடம் தராது. நம் தமிழ் ‘வணக்கம்’ மட்டும் வேறா? வணங்குதலும் வளைதலே.

இச்சொல்லின் உறவினர் பலர். இஸ்லாமியரின் ‘நமாஸ்’ என்னும் பாரசீகச் சொல்லும் இதே தொல்வேரிலிருந்து கிளைத்தது. கேரளத்துச் சிரியன் ஆர்த்தடாக்ஸ் மரபினர் தங்கள் காலை மாலைச் செபங்களையே ‘நமஸ்காரம்’ என்கின்றனர்.

இன்னொன்று கவனிக்கத்தக்கது. ‘நமஸ்’ என்னும் சொல்லோடு சேரும் பெயர் நான்காம் வேற்றுமை ஏற்கவேண்டும் என்பது பாணினியின் விதி. ‘யாருக்கு’ என்னும் வினாவுக்கு விடை சொல்லாமல் அச்சொல் நிறைவு பெறாது. விவிலியத்திலும் அவ்வினாவே எல்லை வகுக்கிறது. சாராவை அடக்கம் செய்ய நிலம் கேட்ட ஆபிரகாம், இத்தியர்முன் தாழ்ந்து வணங்கினார் (தொநூ 23:7). பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அங்கே வழங்கும் வினையையே, ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கியதற்கு மத்தேயுவும் வழங்குகிறார். கொர்னேலியு பேதுருவின் காலில் விழுந்ததற்கும் அதே வினைதான். அங்கு மட்டும் பேதுரு, தாமும் மனிதரே என்று அவரைத் தூக்கி நிறுத்தினார் (திப 10:26); மனிதருக்குரிய மரியாதை எல்லை கடந்ததை உணர்ந்தார். 787-இல் நிசேயாவில் கூடிய சங்கமும் இறைவனுக்கே உரிய ஆராதனையையும் திருவுருவங்களுக்குச் செலுத்தும் வணக்கத்தையும் வேறுபடுத்தியது. சிறுவன் ஆபிரகாமின் பக்கம் நிற்கிறான், அம்மா. தாத்தாவிடம் இதனைப் பொறுமையாகச் சொல்லுங்கள். ஒரே இறைவனை மட்டும் ஆராதிக்கவேண்டும் என்ற அவரது அச்சம் இழிவானதன்று.

1969-இல் இந்தியத் திருச்சபைக்கு உரோமை அனுமதித்த பன்னிரண்டு வழிபாட்டுத் தழுவல்களை அவர் அறிந்திருக்க மாட்டார் போலும். ஒரு முழங்கால் மடக்குவதற்குப் பதிலாகக் கைகூப்பி ஆழ்ந்து வணங்குவதும், அஞ்சலி செய்து சமாதானம் பகிர்வதும் அவற்றுள் அடங்கும். பஞ்சாங்கப் பிரணாமமும் உண்டு. முழங்கால் வலியுள்ள பங்குக் குருக்கள் அதனை அதிகம் வற்புறுத்துவதில்லை.