புல் தின்னாத குதிரைகள்

தமிழில் மிகைபுனைவு எழுதும் நண்பர்களே, உங்கள் வடக்குச் சமவெளியில் பத்தாயிரம் குதிரைகள் பாய்கின்றனவே, அதுங்க என்னத்தைத் தின்னுது?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் டோத்ராக்கிகளைக் கொண்டுவந்தார். மங்கோலியர், ஹூணர், அமெரிக்கப் பூர்வகுடிகள் எல்லாரும் கலந்த சாயல் என்று அவரே சொன்னார். ஆனால் மங்கோலியர் முதலில் ஆடு மேய்ப்பவர்கள். குதிரைப்பாலைப் புளிக்க வைத்துக் குடிப்பவர்கள். டோத்ராக்கிகளுக்கோ ஆடு மேய்க்கிறவன் என்றாலே இளப்பம். மேய்ச்சலைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் காட்டுமிராண்டி. அந்தக் காட்டுமிராண்டியைத்தான் நாம ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டிருக்கோம்.

ஓசூரில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் கதை தட்டும் தம்பிக்கும் பனிதான் வேணும், வாள்தான் வேணும். பக்கத்திலேயே மத்திகிரி. 1824இல் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம். இன்று அரசு கால்நடைப் பண்ணை.

இந்த எல்லையில் போரையே தீவனம்தான் தீர்மானித்தது. 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போன கார்ன்வாலிஸ், மாடுகள் செத்து விழ, இழுக்க ஆளில்லாத பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப்போட்டுத் திரும்பினார். ஜூலையில்தான் ஓசூர் அவர் கைக்கு வந்தது. அவர் படைக்குத் தானியம் சுமந்தவை லம்பாடிகளின் பொதிமாடுகள். நிஜ நாடோடிகள்! கிருஷ்ணகிரிப் பக்கம் இன்றும் லம்பாடிகள் இருக்கிறார்கள். உங்க கதையில் ஒருத்தராவது உண்டா?