ஊர்தி வீடும் உயிர்க் காப்பும்

மோட்டார் வண்டியொன்றை வாங்கி, அதனுள்ளே படுக்கையும் அடுப்பும் விளக்கும் தாமே அமைத்துக்கொண்டு நாடு சுற்றும் வழக்கம் மேனாடுகளில் நெடுநாளாக உண்டு. நம் நாட்டிலும் அஃது இந்நாளில் பரவி வருகின்றது. தன் இல்லத்தைத் தன் கையாலேயே இயற்றுவோன் அடையும் மகிழ்ச்சி பெரிதேயாம். அதனை யாம் குறை கூறவில்லை. ஆயினும், “வண்டி என்னுடையது, அதனுள் யான் செய்வதற்கு விதி எதற்கு?” என்பார் கூற்று மட்டும் ஏற்கத்தக்கதன்று.

முதற்கண் எரிவாயுவைக் காண்போம். சமையல் வாயு காற்றினும் கனமுடையது. கசியுமாயின் மேலெழாது, நீரைப்போலத் தரையிற் படிந்து தாழ்ந்த மூலைகளில் தங்கிநிற்கும். ஆதலின் சன்னலைத் திறந்துவைத்தல் மட்டும் போதாது. வாயுவுருளையை, மக்கள் உறங்கும் அறையோடு தொடர்பற்ற தனிப் பெட்டியில் நிமிர்த்தி நிறுத்திக் கட்டுதல் வேண்டும். அப்பெட்டியின் அடியில் வெளிப்புறம் திறக்கும் துளையும் வேண்டும். இ. என். 1949 என்னும் எண்ணுடைய ஐரோப்பிய நியமம் இத்தகைய விதிகளைத் தொகுத்துரைக்கின்றது. குளிர்காய்தற்பொருட்டு அடுப்பை எரியவிட்டு உறங்குதலோ பெருங்கேடாம். கசியும் வாயுவை அதனோடு சேர்த்த மணம் காட்டிக்கொடுக்கும். எரிதலாற் பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதனை அறிவிக்கும் கருவியொன்று உள்ளே இருத்தல் இன்றியமையாதது.

இனி மின்சாரம். 12 வோல்ட் மின்கலத்தைத் தொட்டால் உடல் அதிராது. ஆகவே தீங்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். 1,000 வாட் கொள்ளும் கருவி 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குள் அடங்கும். 12 வோல்ட்டிலோ 83 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய கம்பி அதனைத் தாங்காது பழுத்துச் சிவக்கும். ஆதலின் தகுந்த பருமனுள்ள கம்பியும், மின்கலத்தின் அருகிலேயே ஃபியூஸும் வேண்டும். மேலும், வீட்டுச் சுவர் அசைவதில்லை; வண்டியோ ஓயாது அதிர்வது. முடுக்கிய திருகு தளரும். தகட்டிற் பட்ட கம்பியின் உறை தேயும். துளைதோறும் இரப்பர் வளையம் இடுதலும், பயணந்தோறும் இணைப்புகளைச் சோதித்தலும் இதன்பொருட்டே. வெளியிலிருந்து 230 வோல்ட் மின்சாரம் பெறுவோர், 30 மில்லியாம்பியர் கசிந்தவுடனே அதனைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்துதல் வேண்டும்.

2023 ஆகஸ்டு 26-ஆம் நாள் விடியற்காலையில், மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா இரயிற் பெட்டியொன்று தீப்பற்றி 9 பேர் மாண்டனர். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவந்த எரிவாயு உருளையே காரணமென இரயில்வேயார் அறிவித்தனர். அஃது இரும்புப் பாதையிற் செல்வது. நாம் பேசுவது சாலையிற் செல்வது. எனினும், சக்கரத்தின்மேல் அமைந்த எச்சமையலறைக்கும் அப்பாடம் ஒன்றே.

வண்டி ஒருவனுடையதாயினும், அதனுள் உறங்கும் மனைவி மக்கள் உயிரும், அயலே வண்டி நிறுத்தியோர் உயிரும் அவனுடையன அல்லவே! ஆகவே யாம் வேண்டுவது ஒன்று. செய்தவன் கண்ணுக்குத் தன் பிழை எளிதிற் புலப்படாது. தொழிலறிந்த பிறனொருவன் வாயுக் குழாயையும் மின்கம்பியையும் சோதித்து ஒப்பமிட்ட பின்னரே எந்த ஊர்தி வீடும் புறப்படுதல் வேண்டும். அரசினரும் வெறுந் தடையோடு அமையாது, எளிய தமிழில் விதிகளை வெளியிட்டு, அச்சோதனைக்கு வழி செய்தல் கடனாம். விதி பயணத்திற்குத் தளையன்று. சென்றவர் மீண்டு வருதற்கு அமைந்த துணையே என்று உணர்வோமாக.