ஜெனரல் ஸ்மட்ஸின் இரு சாஸனங்கள்

ஒரு மனிதனைச் சத்துருக்களின் தூஷணையால் அளப்பது நியாயமன்று. அவனால் பிறந்த சாஸனங்களால் அளப்பதே நியாயம். தென்னாப்பிரிக்காவின் ஜெனரல் ஸ்மட்ஸை (1870-1950) நாம் அவ்வாறே விசாரிக்க விரும்புகிறோம்.

அவருடைய பெருமையை மறைப்பதற்கில்லை. கேம்பிரிட்ஜில் சட்டம் பயின்று, 28-வது வயதில் டிரான்ஸ்வால் ராஜாங்க அட்டர்னியானார். 1899-ல் போயர் யுத்தம் மூண்டது. சட்டப் புஸ்தகத்தை மூடிவிட்டுத் துப்பாக்கி ஏந்தினார். 1901-ல் சிறியதோர் குதிரைப் படையுடன் கேப் காலனிக்குள் புகுந்து பிரிட்டிஷ் சேனையை அலைக்கழித்தார். 1902-ல் தோல்வியுற்ற அவரே, 1910-ல் தென்னாப்பிரிக்க யூனியனைச் சமைத்தவர்களுள் முதன்மையாய் நின்றார். 1919-ல் பிரதம மந்திரியுமானார்.

ஆயின் அந்த யூனியனில் ஆப்பிரிக்கருள் மிகப் பெரும்பாலோருக்கு வோட்டில்லை. இந்தியரின் கதியோ நாம் அறிந்ததே. கைரேகைப் பதிவையும், நேட்டாலின் 3 பவுன் தலைவரியையும் எதிர்த்துக் காந்தியடிகள் சத்தியாக்கிரகம் தொடுத்தார். அப்போரில் சிறை புகுந்த தமிழர் பலர். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, 16 வயதில், 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தாள். அவ்வருஷமே வரி ரத்தாயிற்று. பிரிட்டிஷ் சேனையைத் திணறடித்த சேனாபதியை ஆயுதமற்ற ஏழைகள் இணங்க வைத்தனர். காந்தியடிகள் சிறையில் தைத்தளித்த செருப்பை அணியும் தகுதி தமக்கில்லையென 1939-ல் ஸ்மட்ஸே எழுதினார்.

அவ்வளவு உணர்ந்தவர் பிறகு செய்ததென்ன? 1945-ல் ஐக்கிய நாடுகள் சாஸனத்தின் முகவுரைக்கு முதல் நகலை எழுதினார்; அடிப்படை மனித உரிமைகளில் நம்பிக்கையை அதில் நாட்டினார். மறு வருஷமே அவருடைய மந்திரிசபை வேறொரு சட்டம் பிறப்பித்தது. நேட்டாலிலும் டிரான்ஸ்வாலிலும் இந்தியர் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் அது எல்லை வகுத்தது. பார்லிமெண்டில் அவர்களுக்கு வெள்ளையரே பிரதிநிதிகளாகலாம் என்றது. இந்தியா அவ்வழக்கை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றது. தாம் முகவுரை வரைந்த சபையிலேயே ஸ்மட்ஸ் பிரதிவாதியாய் நின்றார். 1946 டிசம்பரில் தீர்மானம் அவருக்கு விரோதமாயிற்று.

1948 தேர்தலில் நிறவெறிக் கட்சி அவரை வீழ்த்தியது. அக்கட்சி எழுப்பிய கோட்டை 1994 வரை நின்றது. அதற்குச் செங்கல் அடுக்கியவர்களுள் ஸ்மட்ஸும் ஒருவர் என்பதை மறுக்க இயலாது.

தன் ஜனங்களின் விடுதலைக்குப் போராடுவது வீரம். வென்ற பின் அதே விடுதலையை அயலானுக்கு மறுப்பவனை ராஜதந்திரி என்று உலகம் போற்றலாம். நீதிமான் என்று ஒப்ப நம்மால் இயலாது. தேச சேவையில் இறங்கும் ஒவ்வொருவரும் ஸ்மட்ஸின் வீரத்தையன்றி இந்த முரண்பாட்டையே முதலில் கற்க வேண்டும்.